கடலில்லாத சமவெளியில் கடல்வழிப் பொருள்கள்

சேலத்திலிருந்து கடலைப் பார்க்கக் கிளம்பினால், கிழக்கே புதுச்சேரிக்குப் போனாலும் மேற்கே கொச்சிக்குப் போனாலும் அரை நாள் பயணம். நாமக்கல்லிலிருந்தும் ஏறக்குறைய அப்படித்தான். ஆனாலும் கடல் கடந்து வந்த பழம்பொருள்கள் இந்தச் சமவெளியிலும் அதன் ஓரங்களிலும் கிடைத்தபடியே இருக்கின்றன. சேலம் மாவட்டத்துக் கோனேரிப்பட்டியில் ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன. பரமத்தி வேலூர்ப் பாலத்தில் நின்றால் காவிரியின் அக்கரையில் புகளூர். அங்குள்ள ஆறுநாட்டார் மலையில் சேர அரச குடும்பத்தின் மூன்று தலைமுறையைப் பெயர் சொல்லும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு இருக்கிறது. அதையடுத்துக் கரூர், அகழ்ந்த இடத்திலெல்லாம் ரோமானியச் சாடித் துண்டு, அமராவதி மணலில் அயல்நாட்டுக் காசு. மேற்கே நொய்யல் கரையில் மணியும் இரும்பும் செய்த கொடுமணல்.

இவை எங்கிருந்து வந்தன என்பது ஒரே கேள்வி போலத் தோன்றும். உண்மையில் அது மூன்று கேள்வி. மூலப்பொருள் எந்த நிலத்தில் எடுக்கப்பட்டது? எந்தப் பட்டறையில் உருவம் பெற்றது? யார் கைமாற்றி, எந்த வழியாக, இது கிடைத்த குழிக்கு வந்து சேர்ந்தது? தமிழில் இத்துறை பற்றி எழுதப்படுவதில் பாதிக் குழப்பம், முதல் கேள்விக்குக் கிடைத்த விடையை மூன்றாவது கேள்விக்கும் போட்டுக்கொள்வதால் வருகிறது. முதல் இரண்டுக்கும் ஆய்வகம் பதில் சொல்லும். மூன்றாவதற்குப் பதில் பொருளில் இல்லை, அது கிடந்த மண்ணில் இருக்கிறது.

காசிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் அதுதான் பார்வைக்கு எளிது. தன் பிறப்பிடத்தைத் தானே சொல்லும் பொருள் அது. தென்னிந்தியாவில் கிடைக்கும் ரோமானிய வெள்ளிக் காசுகளில் இரண்டே வகைகள் மிகுதி. ஒன்று அகஸ்டஸ் வெளியிட்டது: பின்புறத்தில் கேடயங்களோடு நிற்கும் அவரது தத்துப் பிள்ளைகள் கையுஸும் லூசியஸும். மற்றொன்று திபேரியஸுடையது: அமர்ந்திருக்கும் ஒரு பெண் உருவம். கோவையை அடுத்த வெள்ளலூரில் 1842இல் கிடைத்த 522 காசுகளில் மிகப் பெரும்பாலானவை இந்த இரு பேரரசர்களின் காலத்தவையே. இரு வகைகளும் இன்றைய பிரான்சிலுள்ள லியோன் நகர அக்கசாலையில் அடிக்கப்பட்டவை.

அதனால் லியோனிலிருந்து ஒரு வணிகர் கொங்குக்கு வந்தார் என்று யாரும் எழுதிவிட முடியாது. செங்கடல் துறைகளுக்குப் போக எகிப்தைத் தாண்டியாக வேண்டும். எகிப்துக்குள் இந்தக் காசு செலாவணியாகவே இல்லை, அங்கே தனி நாணயம் ஓடியது. ஆகவே இந்த வெள்ளி, வாங்கி விற்கும் சில்லறையாக இல்லாமல், மூட்டை கட்டிய சரக்காகவே கப்பலேறியிருக்க வேண்டும். காலக் கணக்கிலும் இதே சிக்கல். 64ஆம் ஆண்டில் நீரோ காசின் எடையையும் வெள்ளித் தரத்தையும் குறைத்த பிறகு, பழைய காசுக்கு வெளிநாட்டில் மதிப்புக் கூடியது. எனவே அகஸ்டஸ் காலக் காசு நீரோவுக்குப் பின்னும் இங்கே வந்திருக்கலாம் என்ற வாதம் வலுவானது. காசில் இருக்கும் ஆண்டு, அது பிறந்த ஆண்டு. நம் மண்ணுக்குள் புதைந்த ஆண்டு வேறு.

வந்த பிறகு அதற்கு நேர்ந்ததும் பிறப்பிடத்துக்கு இணையான செய்திதான். புதுக்கோட்டை அருகே கருக்காக்குறிச்சியில் 1898இல் கிடைத்த 501 பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தின் மேல் உளி வெட்டு இருக்கிறது. அந்த வெட்டு விழுந்தது ரோமில் அல்ல. நாணயமாகச் செல்லாமல் பொன்னாகவே மதிக்கப்பட வேண்டும் என்று யாரோ முடிவு செய்ததன் அடையாளம் அது. எழுத்து குழம்பிப்போன போலிகளும் உண்டு: ரோமானியக் காசைப் பார்த்து, லத்தீன் தெரியாத கை செதுக்கியவை. கரூரில் கிடைத்த ‘மாக்கோதை’ வெள்ளிக் காசை எங்கே சேர்ப்பது? தலை உருவத்தின் பாணி ரோமானியக் காசைக் கண்டு கற்றது; எழுத்து தமிழ்ப் பிராமி; அரசன் சேரன். ‘கொல்லிப்புறை’ என்று பொறித்த சேரர் காசும் கரூரில்தான் கிடைத்தது. அந்தப் பெயரிலுள்ள கொல்லிமலையோ நாமக்கல்லிலிருந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் நிற்கிறது.

காசில் எழுத்து இருக்கிறது. பானை ஓட்டில் பெரும்பாலும் அது இல்லை. இந்தத் துறையின் பெரிய பாடங்களெல்லாம் ஓட்டிலிருந்துதான் வந்தன. அதனால் இங்கே கொஞ்சம் நின்று போக வேண்டும்.

1945இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டைத் தோண்டினார். இத்தாலியின் அரெட்சோ பக்கத்துச் சிவப்புப் பளபளப்புத் தட்டுகள் கிடைத்தன. அவற்றின் காலம் ஐரோப்பாவில் துல்லியமாகத் தெரிந்திருந்ததால், தென்னிந்தியத் தொல்லியலுக்கே ஒரு கால அளவுகோல் அமைந்தது. கூடவே இன்னொரு வகைத் தட்டும் ஏராளமாகக் கிடைத்தது. மெல்லிய, சாம்பல் நிற ஓடு. உள்பக்க அடியில் சிறு சிறு பற்குறிகள் வட்டம் வட்டமாகப் பதிந்திருக்கும். ரௌலட்டட் ஓடு என்று இன்று அறியப்படுவது அதுதான். பற்குறி போடும் உத்தி மத்தியதரைக் கடல் நாடுகளுடையது என்பதால் இந்த வகையின் மூலமும் அங்கேயே என்று வீலர் கருதினார். கரூரிலும் கொடுமணலிலும் அழகன்குளத்திலும் இதே ஓடு வந்தபோது, ‘ரோமானியத் தொடர்பு’ என்ற வரி அறிக்கைகளில் தானாகவே ஏறியது.

அந்த முடிவு பிறகு தலைகீழானது. தட்டின் வடிவம் இந்தியாவுக்கே உரியது, அலங்கார உத்தி மட்டுமே கடன் வாங்கியதாக இருக்கலாம் என்று 1980களில் விமலா பெக்லி காட்டினார். 1997இல் புனே டெக்கான் கல்லூரியின் வி. டி. கோக்டே, ஓட்டின் களிமண்ணிலுள்ள கனிமங்களை எக்ஸ்-கதிர் விலகல் முறையில் பார்த்து, அது வங்காளத்தின் சந்திரகேதுகர், தாம்ரலிப்தி வட்டாரத்து மண்ணோடு பொருந்துகிறது என்றார். 2005இல் வேறொரு குழு தனிம அளவுகளை எடுத்துப் பார்த்தபோது, பல ஊர்களில் கிடைத்த இந்த ஓடுகள் வியக்கத்தக்க அளவுக்கு ஒரே மண்ணால் ஆனவை என்று தெரிந்தது. பாலித் தீவின் செம்பிரான் வரை இதே ஓடு போயிருக்கிறது. ஆக, கரூரில் ஒரு ரௌலட்டட் ஓடு கிடைத்தால் அது காட்டும் திசை ரோம் அல்ல. கிழக்குக் கரையோரமாக வடக்கே போகும் இந்தியக் கப்பல் வழி. கடல் வணிகம் என்றால் யவனர் மரக்கலம் மட்டும்தான் என்று பழகிப்போன நம் கண்ணுக்கு இது அவ்வளவு சுலபமாகப் பிடிபடவில்லை.

ஆம்போரா எனப்படும் ரோமானியச் சாடிகளின் கதையும் இப்படித்தான் திரும்பியது. இத்தாலியின் கம்பானியப் பகுதிச் சாடியின் ஓட்டைப் புதிதாக உடைத்து, முறிந்த விளிம்பைக் கைக்கண்ணாடியால் பார்த்தால், மண்ணுக்குள் பளிச்சென்று கருமணல் தெரியும். வெசூவியஸ் எரிமலை உமிழ்ந்த கனிமம் அது. தென்னிந்தியக் குயவர் மண்ணில் அதற்கு வாய்ப்பே இல்லை. இதற்கு ஆய்வகம்கூட வேண்டாம், பழகிய கண் போதும். ஆனால் கழுத்தும் கைப்பிடியும் போன வெறும் வயிற்றுப் பகுதி ஓடு வந்தால்? தடித்த ஓடு, உள்ளே கறுப்புப் பூச்சு. பல இந்திய அகழாய்வுகளில் இப்படிப்பட்டவை ரோமானியச் சாடிக் கணக்கில் சேர்க்கப்பட்டன. ராபர்ட்டா டோம்பர் அவற்றை ஒவ்வோர் ஊராகப் போய் மறுபடி பார்த்து, கணிசமானவை ரோமானியவையே அல்ல என்றார். பாரசீக வளைகுடா, மெசபடோமியப் பக்கத்தில் செய்யப்பட்ட, கைப்பிடியில்லாத, கூர் அடிச் சாடிகள் அவை. டார்பிடோ சாடி என்று பெயர். சாட்சி சொன்னது அந்தக் கறுப்புப் பூச்சு. ரோமானியச் சாடிக்கு உள்ளே பூசியது மரப்பிசின், பெரும்பாலும் பைன் மரத்துடையது. டார்பிடோ சாடிக்குள் பூசியது நிலத்திலிருந்து ஊறும் நிலக்கீல். அந்த நிலக்கீலின் மூலக்கூறுகளைப் பிரித்துப் பார்த்து, அது ஈரானின் ஊற்றுகளிலிருந்து வந்தது என்றுகூடச் சொல்ல முடிந்திருக்கிறது. சாடியைச் செய்த களிமண் ஓர் இடம், கசியாமல் பூசிய பொருள் இன்னோர் இடம்: ஒரே ஓட்டுத் துண்டுக்கு இரண்டு பிறப்பிடம்.

பழைய அறிக்கைகளில் ‘ரோமானிய ஓடு’ என்று பதிவானவற்றைத் திரும்பப் பார்க்காமல் அதே எண்ணிக்கையை மேற்கோள் காட்டுவதை நாம் நிறுத்திக்கொள்வது நல்லது. கரூர் வட்டாரத்துக்கும் இது பொருந்தும்.

ஓட்டில் எழுத்து இருந்தால் வேலை முடிந்துவிடும் என்பதும் ஒரு நம்பிக்கை. எகிப்தின் செங்கடல் கரையில், குசேர் அல்-கதிமில் கிடைத்த ஓட்டில் ‘பானை ஒறி’ என்று தமிழ்ப் பிராமியில் இருந்ததைப் படித்து 2007இல் செய்தி வந்தது. எழுத்து தமிழ் என்பதோடு யாரும் நிற்கவில்லை. அந்தச் சாடியே இந்தியாவில் செய்தது என்று மண்ணைப் பார்த்துத் தனியே உறுதி செய்தார்கள். அதுதான் சரியான முறை. எழுத்து எழுதியவரைச் சொல்லும், குயவரைச் சொல்லாது. அதே கரையிலுள்ள பெரெனிகேயில் ஏழரைக் கிலோ மிளகு நிரம்பிய இந்தியச் சாடி கோயில் தளத்தில் பதிந்து கிடந்தது. அங்கே சரக்கும் கலமும் ஒன்றுக்கொன்று சாட்சி. தாய்லாந்தின் குவான் லுக் பட்டில் கிடைத்த, ‘பெரும்பதன் கல்’ என்று பொறித்த பொன் உரைகல்லில் இன்னொரு வசதி: பத்தர் தன் தொழிற்கருவியை விற்க மாட்டார், கையோடு கொண்டுபோவார். ஆகவே அங்கே போனது பொருள் மட்டுமல்ல, ஆளும் போயிருக்கிறார் என்று துணிந்து சொல்லலாம்.

இதற்கு எதிர்முனையில் நியூசிலாந்தின் தமிழ் மணி. 1836 வாக்கில் வில்லியம் கொலென்சோ என்ற மிஷனரி, மாவோரிப் பெண்கள் கிழங்கு வேகவைக்கப் பயன்படுத்திய ஒரு வெண்கலப் பாத்திரத்தைப் பார்த்து, இரும்புச் சட்டி ஒன்றைக் கொடுத்து வாங்கினார். அது உடைந்த கப்பல் மணி. முகையதீன் வக்குசு என்பவருடைய கப்பலின் மணி என்று தமிழில் தெளிவாக எழுதியிருக்கிறது. பொருளின் பெயர், உடைமையாளர் பெயர், மொழி எல்லாம் தெரியும்; இன்று வெல்லிங்டனின் தெ பாப்பா அருங்காட்சியகத்தில் போய்ப் பார்க்கவும் முடியும். அந்தக் கப்பலே அங்கே போனதா, ஆளில்லாத கலமாக மிதந்து போனதா, மணி மட்டும் கைமாறிப் போனதா என்பது இன்றுவரை தீரவில்லை. மூன்றாவது கேள்வி எவ்வளவு பிடிவாதமானது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

ஆய்வக முறைகள் எல்லாவற்றுக்கும் அடியில் ஓர் அனுமானம் இருக்கிறது: ஒரே மூலத்துக்குள் இருக்கும் வேறுபாட்டைவிட, மூலத்துக்கு மூலம் உள்ள வேறுபாடு பெரிதாக இருக்க வேண்டும். அது பொய்த்தால் கருவி எவ்வளவு விலை உயர்ந்ததானாலும் பயனில்லை. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பாறை இதற்கு நல்ல எச்சரிக்கை. அங்குள்ள அனார்த்தோசைட்டின் வேதியியல் நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்திருக்கிறது. அதனால்தான் சந்திரயான்-2 ஏற்பாட்டில் இஸ்ரோ அந்தப் பாறையை எடுத்துப் பொடித்து, நிலவு மண்ணுக்கு மாற்றாகப் பரப்பி, தரையிறங்கு கலத்தையும் உலவியையும் சோதித்தது. வேதியியல் ஒத்துப்போகிறது என்பதால் பிறப்பிடம் ஒன்றாகிவிடாது என்பதை எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்க இந்தப் பாறையே போதும்.

மணிக்கற்களில் இந்த அனுமானம் ஓரளவு நன்றாகவே நிற்கிறது. மரகதமும் நீலப்பச்சைக் கல்லும் பெரில் என்ற ஒரே கனிமக் குடும்பம். கல்லுக்குள் இருக்கும் ஆக்ஸிஜனின் ஐசோடோப்பு விகிதம் சுரங்கத்துக்குச் சுரங்கம் மாறும். 2000இல் வெளியான ஓர் ஆய்வில், பிரான்சில் கிடைத்த ரோமானியக் காலக் காதணியின் மரகதம் பாகிஸ்தானின் ஸ்வாத் பள்ளத்தாக்குக் கல் என்று தெரிந்தது. அதுவரை ரோமானிய மரகதத்துக்கு எகிப்தைக் கை காட்டுவதே வழக்கம். இந்தியாவின் பெரிலைப் பற்றிப் பிளினி எழுதியிருக்கிறார். காங்கயத்தை அடுத்த படியூரில் அந்தக் கல் இருக்கிறது. கொடுமணலில் அதைப் பட்டை தீட்டிய தடயம் இருக்கிறது. ஐரோப்பிய அருங்காட்சியகங்களிலுள்ள பெரில் மோதிரங்களைப் படியூர்க் கல்லோடு வரிசையாக ஒப்பிட்டால், கொங்குக் கல் எவ்வளவு போனது என்பது ஊகமாக இல்லாமல் கணக்காக வரும்.

இரும்பு அப்படியல்ல. சேலத்துக்காரர்கள் பெருமை பேசுவதும் இரும்பைத்தான்; கஞ்சமலை இரும்பில் ரோமானிய வாள் செய்தார்கள் என்று மேடையில் சொல்லாதவர் குறைவு. இங்கே பழைய இரும்பு இருக்கிறது என்பதில் ஐயமில்லை. மேட்டூர் வட்டாரத்து மாங்காடு, தெலுங்கனூர் இரும்புப் பொருள்களின் காலம் கி.மு. இரண்டாம் ஆயிரமாண்டுக்குப் போகிறது. இரும்புக்குள் கரைந்த கரியை வைத்தே அந்தக் கணிப்பு. ஆனால் வயது வேறு, பயணம் வேறு. செங்கடல் கையேடான பெரிப்ளஸ், ஆப்பிரிக்கக் கரையில் இறங்கிய இந்திய இரும்பையும் எஃகையும் சொல்கிறது. அது வந்ததாகச் சொல்லும் இடம் அரியாகே, அதாவது குஜராத்தை ஒட்டிய மேற்குக் கரை. சேர நாட்டுத் துறைகளின் ஏற்றுமதியாக அதே நூல் மிளகையும் முத்தையும் தந்தத்தையும் மணிக்கல்லையும் பட்டியலிடும்போது இரும்பைச் சொல்லவில்லை. இது நமக்குப் பிடிக்காத சாட்சியம். மறைக்காமல் எடுத்து வைக்க வேண்டிய சாட்சியமும்கூட.

பொருளை வைத்தே தீர்க்கலாமே என்றால், அங்கும் ஒரு முட்டுக்கட்டை. சாதாரண உலை இரும்பில் சிட்டம் இழை இழையாக உள்ளே சிக்கியிருக்கும். அதன் நுண்தனிமங்கள் தாதுவின் அடையாளத்தைத் தாங்கும். நம் பெருமைக்குரிய மூசை எஃகோ முழுதும் உருகியது. சிட்டம் மேலே மிதந்து பிரிந்துவிடும். எதன் பிறப்பிடத்தை அறிய ஆசைப்படுகிறோமோ, அதில்தான் இந்த முறை பலிக்காது. ஆஸ்மியம் ஐசோடோப்பு என்ற புதிய வழி ஐரோப்பிய இரும்பில் பலன் தந்திருக்கிறது. தாதுவின் ஆஸ்மியம் இரும்போடேயே தங்கிவிடுவது அதன் பலம். அதை இங்கே பயன்படுத்த, முதலில் நம் மலைகளின் கணக்கு வேண்டும். 1864இல் கிங்கும் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் எழுதிய நிலவியல் அறிக்கையே கஞ்சமலை, கோதுமலை, தீர்த்தமலை, கொல்லிமலை, தலைமலை என்று காந்த இரும்புப் படிவங்களைத் தனித்தனியே பிரித்துக் காட்டுகிறது. ஒவ்வொன்றின் தாதுவுக்கும் அடிவாரச் சிட்டக் குவியலுக்கும் தனித்தனி அளவீடு வேண்டும்.

இவையெல்லாம் பணமும் கருவியும் இருந்தால் நடக்கும். எந்தக் கருவியாலும் மீட்க முடியாதது கிடைத்த இடம். அமராவதி மணலைச் சலித்துக் காசு எடுப்பவர்களிடமிருந்து வியாபாரி, வியாபாரியிடமிருந்து சேகரிப்பாளர் என்று கைமாறி வந்தவையே கரூர்க் காசுகளில் பெரும்பகுதி. நாணய ஆய்வாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி அவற்றை வாங்கிப் பதிப்பிக்காமல் இருந்திருந்தால் உருகியே போயிருக்கும். அந்த உழைப்புக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனாலும் கிரேக்கக் காசும் பினீசியக் காசும் ஆற்று மணலில் ஒன்றாகக் கிடந்தால், எது எப்போது வந்தது என்று பிரிக்க அடுக்கு இல்லை. இலங்கையின் கோடவாயாக் கடலடிக் கப்பலோடு ஒப்பிட்டால் வேறுபாடு புரியும். அங்கே கண்ணாடிக் கட்டிகளும் அரைக்கும் கல்லும் கருப்பு-சிவப்புச் சாடிகளும் ஒரே மூழ்கலில் சேர்ந்து கிடக்கின்றன. ஒன்றின் பிறப்பிடம் தெரிந்தால் அந்தக் கப்பல் தொட்ட துறைகளில் ஒன்று தெரியும். இரண்டாவது தெரிந்தால் வழியே தெரியும்.

நம் சமவெளியில் இடத்தை அழிப்பது மணல் மட்டுமல்ல, கோப்பும்தான். கோனேரிப்பட்டி என்ற பெயரில் இங்கே ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்கள் உண்டு. இராசிபுரத்தை ஒட்டி ஒன்று, காவிரிக் கரையில் கதவணை கட்டிய ஊர் இன்னொன்று. ‘சேலம் மாவட்டம்’ என்று சீட்டில் எழுதியிருந்தால், 1997க்கு முந்தைய சீட்டு இன்றைய நாமக்கல்லையும் குறிக்கும், 1965க்கு முந்தையது தருமபுரியையும் சேர்த்துக் குறிக்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாமக்கல் வட்டம் சில காலம் திருச்சி மாவட்டத்தில் இருந்தது. பழைய கோவை மாவட்டக் கண்டெடுப்புகளில் கரூரும் அடக்கம். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டிய எதையும் கலெக்டரிடம் தெரிவிக்க வேண்டும். ஆகவே வட்டாட்சியர் அலுவலகத்துக் கோப்பில் சர்வே எண்ணோடு ஒரு பதிவு இருக்க வாய்ப்புண்டு. அருங்காட்சியகச் சீட்டை அந்தக் கோப்போடு பொருத்திப் பார்ப்பது நிறமாலைமானி கேட்காத வேலை. ஒரு முதுகலை மாணவர் ஓராண்டில் செய்து முடிக்கலாம்.

இரும்புக்கும் ஒரு சோதனைக்கல் நம்மிடமே இருக்கிறது. 1830இல் ஜோசையா மார்ஷல் ஹீத் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். அதற்குத் தாது சேலம் பக்கத்திலிருந்து போனது, செய்த இரும்பு கப்பலேறி இங்கிலாந்துக்குப் போனது. தாது எடுத்த பகுதி, உலை இருந்த ஊர், ஏறிய துறை எல்லாம் ஆவணத்தில் இருக்கும் கடல்வழி இரும்பு அது. ஐசோடோப்பு முறை கஞ்சமலையைக் கண்டுபிடிக்குமா என்பதை இரண்டாயிரம் ஆண்டுப் பழைய, துருவேறிய வாளில் சோதிப்பதற்கு முன், பரங்கிப்பேட்டை உலைச் சிட்டத்தில் சோதித்துப் பார்த்துவிடலாம்.